வேலைக்கு முன்பே பணம் கொடுக்கலாமா? ஆசாரி ஒரு லட்சம் கேட்கிறார்

காரிமங்கலம் வீடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். காரிமங்கலத்தில் அப்பா விட்டுப்போன இடத்தில் 850 சதுர அடி வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். நான் ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள்தான் ஊருக்கு வர முடிகிறது. மற்ற நாளெல்லாம் என் மனைவிதான் நின்று பார்த்துக்கொள்கிறாள்.

இப்போது மர வேலைக்கு வந்திருக்கிறோம். தலைவாசல் நிலவும் (கதவு மாட்டும் நிலைச்சட்டம்) கதவும் தேக்கு, உள்ளே மூன்று நிலவு, ஐந்து ஜன்னல். ஆசாரியிடம் மரம், கூலி எல்லாம் சேர்த்து 1,60,000 பேசியிருக்கிறது. அதில் ஒரு லட்சத்தை முதலிலேயே கேட்கிறார். ஆள் நல்லவர் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் எனக்குக் கை வரவில்லை.

காரணம் இருக்கிறது. கடைக்கால் வெட்டும்போது முதலில் பேசிய மேஸ்திரிக்கு 40,000 முன்பணம் கொடுத்தேன். நான்கு நாள் ஆள் வந்தது, குழி வெட்டினார்கள். ஐந்தாம் நாள் யாரும் இல்லை. போன் அடித்தால் "நாளைக்கு", "திங்கட்கிழமை", பிறகு எடுப்பதே இல்லை. என் பணத்தைக் கொண்டுபோய் அவர் வேறு ஊரில் பாதியில் நின்ற வேலைக்கு ஆள் கூலி கொடுத்திருக்கிறார் என்று அப்புறம் தெரிந்தது. நடுவில் மழை வந்து வெட்டிய குழி சரிந்துவிட்டது. வேறு ஆளை வைத்து மறுபடி வெட்டினோம். ஒரே குழிக்கு இரண்டு முறை கூலி. அன்றைக்கு என் மனைவி குழியின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள், அது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

முன்பணமே கொடுக்கக் கூடாதா? இல்லை, கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை டீச்சர்

தம்பி, கொடுக்காதீங்க. நான் பட்டதைச் சொல்கிறேன். சமையலறை அலமாரி வேலைக்குப் பெங்களூரில் ஒரு கடையில் 2,10,000 பேசி, 1,70,000 கொடுத்துவிட்டேன். "சரக்கு கிளம்பும் முன் எண்பது சதவீதம்" என்று பில்லிலேயே அச்சடித்திருந்தார்கள். அச்சில் இருப்பதால் அதுதான் முறை என்று நம்பினேன். வந்த பலகை பேசிய பலகை இல்லை. தண்ணீர் பட்ட இடமெல்லாம் மூன்றே மாதத்தில் உப்பிவிட்டது. கூப்பிட்டால் யாரும் வரவில்லை. அவர்களுக்கு வரவேண்டிய காசுதான் வந்துவிட்டதே.

கிருஷ்ணகிரியில் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன். கடை பெங்களூரில் இருந்தாலும் 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. ஆனால் குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். எனக்குச் சாதகமாகத்தான் உத்தரவு வந்தது. அதுவரை ஒன்றரை வருஷம் அந்த உப்பிய பலகையைப் பார்த்துக்கொண்டேதான் சமைத்தேன்.

பாலக்கோடு மேஸ்திரி மகள்

டீச்சர் அம்மா சொல்வது கடைக்குப் பொருந்தும். கூலிக்காரருக்கு அதே கணக்கைப் போட முடியாது.

எங்க அப்பா 30 வருஷமாகக் கொத்து வேலை செய்கிறார். 2016இல் ஒரு வீடு எடுத்தார். முன்பணம் வேண்டாம், பாதி வேலை முடிந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்று வாய்வார்த்தையில் தொடங்கினார். சுவர் லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) வந்த நேரத்தில் நவம்பர் 8ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று ஆனது. வீட்டுக்காரர் "பேங்கில் எடுக்க முடியவில்லை, பொறுங்கள்" என்றார். அவர் பேரிலும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் எட்டு ஆள் எங்கள் வாசலில் நின்றார்கள். சித்தாள் அக்காக்களுக்குத் திங்கட்கிழமை குழுக் கடன் தவணை கட்ட வேண்டும். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து அப்பா கூலி கொடுத்தார். அது திரும்பி வர இரண்டு வருஷம் ஆனது. வீட்டுக்காரர் கடைசியில் "பூச்சு நேராக இல்லை" என்று சொல்லி 30,000 பிடித்துக்கொண்டார். அந்தச் சுவர் இன்றைக்கும் நிற்கிறது, ஒரு விரிசல் கிடையாது.

மேஸ்திரி ஓடிப்போனால் அது ஊரெல்லாம் கதையாகிறது. வீட்டுக்காரர் கடைசிப் பணத்தைக் கொடுக்காமல் விட்டால் அதை யாரும் பேசுவதில்லை. முன்பணம் கேட்பவரெல்லாம் ஏமாற்றுக்காரர் இல்லை. ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவராகவும் இருக்கலாம். உங்களை மாதிரியே.

காரிமங்கலம் வீடு

அக்கா, இதைப் படித்தபின் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தை நான் யோசித்ததே இல்லை.

அரூர் ஆசாரி

நான் மரவேலைதான் செய்கிறேன், அதனால் நேரடியாகச் சொல்கிறேன். எங்கள் வேலையில் மரம்தான் பெரிய செலவு. மர டிப்போவில் எனக்குக் கடன் கிடையாது, பணம் வைத்தால்தான் மரம். கொத்து வேலையில் சிமெண்ட் மூட்டை மிஞ்சினால் இன்னொரு வீட்டுக்கு ஆகும். உங்கள் வாசலுக்கு ஏழு அடிக்கு மூன்றரை அடி என்று அறுத்து, துளை போட்ட பிறகு "வேண்டாம்" என்று நீங்கள் சொன்னால் அதை நான் யாருக்கு விற்பது? ஒருவர் அப்படித்தான் சொன்னார். ஜாதகம் பார்த்துவிட்டு வாசலைத் திருப்பி வைத்து, அளவையும் மாற்றிவிட்டார். இரண்டு வருஷமாக அந்த நிலவு என் பட்டறையில் சாய்ந்து நிற்கிறது.

அதனால் மரத்துக்கான பணம் முன்னால் வந்தே ஆக வேண்டும். ஆனால் அதை என் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். என்னோடு டிப்போவுக்கு வாருங்கள். மரத்தை நான் பார்த்து எடுக்கிறேன், கன அடி போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், பணத்தை நீங்களே கட்டுங்கள், பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். அறுத்து வந்ததும் ஒவ்வொரு கட்டையின் தலைப்பிலும் பெயிண்டால் உங்கள் எழுத்தைப் போட்டுவிடுங்கள். அப்புறம் அந்த மரம் இன்னொருத்தர் வீட்டு ஜன்னலாக மாறாது. இதற்கு ஒத்துக்கொள்ளாத ஆசாரி ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

கூலி வேறு. முதலில் ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுங்கள், அது நாள் குறித்ததற்கு அடையாளம். மிச்சத்தை நிலவு நிறுத்தும் அன்று ஒரு பங்கு, ஜன்னல் மாட்டியதும் ஒரு பங்கு, கதவு மாட்டி, பூட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்தபின் கடைசிப் பங்கு என்று கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பச்சை மரத்தில் கதவு செய்யச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். காயாத மரம் அடுத்த கோடையில் முறுக்கிக்கொள்ளும். அதற்கு முன்பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான்.

ஓசூர் வயரிங்

ஆசாரி அண்ணன் சொன்னதே எங்கள் வேலைக்கும் சரி. ஒயர், சுவிட்ச், பைப் எல்லாம் வீட்டுக்காரரே கடையில் வாங்கட்டும், நான் லிஸ்ட் மட்டும் எழுதித் தருகிறேன். ஆனால் லிஸ்ட் எழுதுகிற ஆளுக்குக் கடையில் கமிஷன் இருக்கும் என்பதும் உண்மை. இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் வேலை மூன்று தவணையாக நடக்கும். தளம் போடும்போது பைப் புதைப்போம், பூச்சுக்கு முன்னால் சுவர் வெட்டிப் பெட்டி வைப்போம், பெயிண்ட் முடிந்தபின் ஒயர் இழுத்து சுவிட்ச் மாட்டுவோம். நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விழும். ஒவ்வொரு தவணை முடிந்த அன்றே அதன் கூலியைத் தீர்த்துவிட்டால் மூன்றாவது தவணைக்கு நாங்கள் ஓடி வருவோம். முதல் தவணைக் காசே பாக்கி இருக்கும் வீட்டுக்கு வரக் கால் எழாது.

பர்கூர் கல்

வீடு கட்டி முடித்தவன் என்ற முறையில் ஒன்று. கேட், கிரில் எல்லாம் கிலோ கணக்கு. பட்டறைக்காரர் பாதிப் பணம் கேட்டார், கொடுத்தேன். மாட்டியபின் எடை எப்படிப் பார்ப்பது? அவர் சொன்னதுதான் எடை. மாட்டுவதற்கு முன்னால் எடை மேடையில் ஏற்றி, சீட்டைப் பார்த்துவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.

போர்வெல் இதற்கு நேர்மாறு. லாரி ராத்திரி வரும், விடியும்போது ஆயிரம் அடியைத் தாண்டியிருக்கும், வண்டி நகரும் முன் முழுப் பணமும் கேட்பார்கள். நம் பக்கம் பாறை, தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக்குக் காசு. ஒரு ராடு (துளை போட இறக்கும் இரும்புக் குழாய்) எத்தனை அடி என்று முதலிலேயே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். இறங்குகிற ஒவ்வொரு ராடுக்கும் நோட்டில் ஒரு கோடு போட ஒரு ஆளை உட்கார வையுங்கள். தூக்கம் போனாலும் பரவாயில்லை.

பென்னாகரம் டு பெங்களூரு

இந்த இழையில் அட்வான்ஸ் வாங்கியவன் ஓடிப்போவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் அட்வான்ஸ் வாங்கிவிட்டு ஓட முடியாமல் கிடந்தவன். அதையும் எழுதி வைக்கிறேன்.

எனக்கு 19 வயது. அக்கா கல்யாணத்துக்கு ஒரு மேஸ்திரி வீட்டுக்கே வந்து 25,000 கொடுத்தார். அந்தப் பணம் தீரும்வரை பெங்களூரில் அவர் சொல்கிற கட்டடத்தில் வேலை. தகரக் கொட்டகையில் தங்கல். சாப்பாட்டுச் செலவுக்கு வாரம் கொஞ்சம் கொடுப்பார், மிச்சம் கணக்கில் கழிகிறது என்பார். அந்தக் கணக்கை நாங்கள் பார்த்ததே இல்லை. காய்ச்சலில் கிடந்த நாளும் எங்கள் கணக்கில் ஏறியது. பக்கத்துக் கட்டடத்தில் கூலி அதிகம் என்று தெரிந்தும் போக முடியாது. ஒரு வருஷம் ஆகியும் 11,000 பாக்கி என்றார்.

இதற்குச் சட்டம் இருக்கிறது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். முன்பணம் கொடுத்து, அதைக் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுத்தாலோ, குறைந்தபட்சக் கூலி தராமல் வேலை வாங்கினாலோ அது கொத்தடிமை. சங்கிலி போட்டுக் கட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. அந்தச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது, திருப்பித் தர வேண்டியதில்லை. கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் விசாரித்து விடுதலைச் சான்று தர வேண்டும். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் மேஸ்திரிக்குக் கொடுக்கிற முன்பணம் கீழே இருக்கிற ஆளுக்கு எப்படிப் போகிறது என்று கொஞ்சம் பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வேலை நடக்கிற இடத்தில் போய் நின்று, "எல்லோருக்கும் கூலி வந்ததா?" என்று சித்தாளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

காரிமங்கலம் வீடு

அண்ணா, கேட்கிறேன். இந்தச் சனிக்கிழமையே கேட்கிறேன்.

கோர்ட் ரோடு

நான் தருமபுரியில் வக்கீலாக இருக்கிறேன். சில விஷயங்களைத் தெளிவாகச் சொன்னால் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில், முத்திரைத்தாள் இல்லை என்றால் ஒப்பந்தம் செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் கஷ்டம். ஒரு வெள்ளைத்தாளில் என்ன வேலை, எந்தப் பொருள், எத்தனை நாள், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டாலே பெரிய பலம். அளவு எடுக்கும் முறையையும் அதிலேயே எழுதுங்கள். சன்ஷேடும் கைப்பிடிச் சுவரும் சதுர அடியில் சேருமா? சம்ப்பும் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) செப்டிக் டேங்கும் தனிக் கணக்கா? என்னிடம் வருகிற சண்டையில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. பணத்தை ஜிபே போன்றவற்றில் அனுப்பி, குறிப்பில் "நிலவு கூலி, முதல் தவணை" என்று எழுதிவிடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டாவது, போலீஸ். பணத்தை வாங்கிக்கொண்டு வேலை செய்யவில்லை என்பது மட்டும் மோசடிக் குற்றம் ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய 420க்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு வந்திருக்கிறது, ஆனால் இந்த அடிப்படை மாறவில்லை. ஒரே ஆள் ஒரே சமயத்தில் பத்துப் பேரிடம் வாங்கிக்கொண்டு மறைந்தால் அந்த எண்ணத்தைக் காட்டுவது சுலபம். தொடங்கியவருக்கு நடந்ததில் நான்கு நாள் வேலை நடந்திருக்கிறது, அதனால் அது உரிமையியல் வழக்குத்தான். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவில் நஷ்டத்தைக் கேட்கலாம், 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். 40,000 ரூபாய்க்கு அது தேவையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பாருங்கள். பலர் அதிலேயே வந்து பேசுவார்கள்.

மூன்றாவது, கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை. வாரியம் 1994இலிருந்து இருக்கிறது. மேஸ்திரியிடம் அட்டையைக் கேட்டுப் பாருங்கள். அது நேர்மைக்குச் சான்று இல்லைதான், ஆனால் பெயரும் முகவரியும் கைக்கு வரும். அட்டை இல்லாதவர் என்றால் பதிவு செய்யச் சொல்லுங்கள். விபத்து நடந்தால் அவர் குடும்பத்துக்கு உதவித்தொகை கிடைக்க அது வேண்டும்.

கிருஷ்ணகிரி சைட்

நான் சிவில் டிப்ளமோ முடித்து 12 வருஷமாக சைட்டில் இருக்கிறேன். கட்டம் கட்டமாகக் கொடுப்பது என்று எல்லோரும் சொல்கிறீர்கள், சரிதான். வீட்டுக் கடனை பேங்க் அப்படித்தான் கொடுக்கிறது, அரசு வீட்டுத் திட்டங்களிலும் வேலை ஏற ஏறத்தான் தொகை வருகிறது. ஆனால் எந்தக் கட்டத்தில் பணத்தைக் கட்டிவைக்கிறோம் என்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. இதை யாரும் சொல்லவில்லை.

நிறையப் பேர் "சென்ட்ரிங் பிரித்ததும் ரூஃப் பணம்" என்று பேசுகிறார்கள். சென்ட்ரிங் என்றால் கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்குகிற தகடும் முட்டும். அப்படிப் பேசினால் மேஸ்திரி என்ன செய்வார்? பணம் வேண்டும், ஷீட்டும் ஜாக்கியும் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். ஐந்தாம் நாளே பிரிக்கத் தொடங்குவார். நாமே அவரை அவசரப்படுத்திவிட்டு, பிறகு தளம் தொங்குகிறது என்று அழுவோம். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456இன்படி சாதாரண சிமெண்டில் நான்கரை மீட்டர் வரை, அதாவது சுமார் 15 அடி வரை உள்ள தளத்துக்கு முட்டு 7 நாளாவது இருக்க வேண்டும். அதற்கு மேல் அகலம் என்றால் 14 நாள். பீம் இருந்தால் ஆறு மீட்டர் வரைக்குமே 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள்.

அதனால் ரூஃப் பணத்தைக் கான்கிரீட் போட்ட அன்று சாயங்காலமே கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு மிக்சர் மெஷின், லிஃப்ட், இருபது ஆள் என்று மேஸ்திரிக்குக் கையிலிருந்து நிறையப் போகும். பிரிக்கும் தேதியைத் தனியாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பிடித்து வைக்க வேண்டிய தொகையைக் கடைசி வேலையில் பிடித்து வையுங்கள். பூச்சு முடிந்து, குளியலறையில் ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்து, கசிவு இல்லை என்றால் அன்றே கொடுத்துவிட வேண்டும். எவ்வளவு, எதற்காக, எந்த நாள் வரை என்று முதலிலேயே எழுதாமல் கடைசியில் பிடித்தால், மேலே அந்த அக்கா அப்பாவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

பாலக்கோடு மேஸ்திரி மகள்

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "சென்ட்ரிங் சொன்ன தம்பி சைட்டில் நின்றவன்" என்றார். இன்னொன்றையும் எழுதச் சொன்னார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னால் மேஸ்திரி கேட்கிற பணம் பெரும்பாலும் ஆளைப் பிடித்து வைக்கத்தான். பண்டிகைக்குக் கையில் காசு கொடுத்து அனுப்பினால்தான் ஆள் திரும்பி உங்கள் வேலைக்கு வரும், இல்லையென்றால் வேறு மேஸ்திரியிடம் போய்விடும். அந்த நேரத்தில் முடிந்த வேலைக்கு ஈடான பணம் பாக்கி இருந்தால் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். முடிந்த வேலைக்கு மேலே கேட்டால் மட்டும் யோசியுங்கள்.

ஊத்தங்கரை டீச்சர்

நான் முதலில் "கொடுக்காதீங்க" என்று ஒரே அடியாக எழுதியது தப்பு என்று தோன்றுகிறது. கடைக்குக் கொடுத்ததில் பட்ட சூட்டை வைத்துக் கூலிக்காரரையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டுக்குப் பூச்சு வேலை செய்தவருக்கு வாரா வாரம் கொடுத்தோம், ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை. ஆனால் ஷோரூம் வேலை விஷயத்தில் நான் மாறவில்லை. எண்பது சதவீதம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

காரிமங்கலம் வீடு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

ஆசாரியிடம் உட்கார்ந்து பேசினேன். "மரப் பணத்தை நானே டிப்போவில் கட்டுகிறேன்" என்றபோது அவர் முகம் கொஞ்சம் வாடியது. "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். கடைக்கால் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, நாளைக்குக் காலையிலேயே போகலாம்" என்றார். தருமபுரியில் மரம் எடுத்தோம். மரமும் அறுப்புக்கூலியும் 92,400 ஆனது. கட்டையின் தலைப்பில் என் மனைவிதான் சிவப்புப் பெயிண்டால் எழுத்துப் போட்டாள். கூலி முன்பணம் 8,000. போன புதன்கிழமை நல்ல நேரத்தில் நிலவு வைத்தோம், அன்றைக்கே 15,000 கொடுத்தேன். சனிக்கிழமை கூலி வந்ததா என்று சித்தாள் அம்மாவிடம் கேட்டேன். ஒருவருக்கு இரண்டு வாரம் பாக்கி என்றார். மேஸ்திரியிடம் சொல்லி அன்றே கொடுக்க வைத்தோம்.

பழைய மேஸ்திரிக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

இப்போது ஒரு சின்னக் கேள்வி. ஜன்னல் இன்னும் வரவில்லை. ஆசாரி மகளுக்குக் காலேஜ் கட்டணம் கட்ட வேண்டும் என்று 10,000 கேட்டார். மறுக்க மனம் வரவில்லை, கொடுத்துவிட்டேன். இதை வேலைக் கணக்கில் கழிக்கட்டுமா, கைமாற்றாக வைக்கட்டுமா?

பாலக்கோடு மேஸ்திரி மகள்

கைமாற்றாக வையுங்க அண்ணா, வேறு பக்கத்தில் எழுதுங்க. கூலியில் கழித்தால் ஜன்னல் மாட்டுகிற அன்று அவர் கையில் ஒன்றும் நிற்காது, கதவு வேலைக்கு வரும்போது மனம் சோர்ந்துவிடும். எப்போது திருப்பித் தருவார் என்று அவரையே ஒரு தேதி சொல்லச் சொல்லி, அதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்க.

காரிமங்கலம் வீடு

ஆவணி பிறந்ததும் தருவதாகச் சொன்னார். எழுதிவிட்டேன்.